கோலாலம்பூரில் பழைய பிக்கப்புக்கு ஆட்டோ கியர் எண்ணெய் மாற்றுவது எப்படி?

செகண்ட் ஹேண்டில் ஆட்டோ கியர் பிக்கப் வாங்கியவர்கள் எஞ்சின் எண்ணெயை முதல் வாரமே மாற்றிவிடுகிறார்கள். கியர் எண்ணெய் என்றதும்தான் கை பின்வாங்குகிறது. ஒரு போர்மேன் (மெக்கானிக்), "தொடாதீங்க, தொட்டா கியர் போயிடும்" என்பார். அடுத்த கடைக்காரர், "மெஷின் வெச்சு மொத்தமா கழுவணும்" என்பார். வண்டியை விற்றவரோ, "அது லைஃப்டைம் ஆயில் அண்ணே, மாத்தவே வேண்டாம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருப்பார். என் பழைய டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொண்டு செகாம்புட், சான் சோவ் லின் பக்கமெல்லாம் அலைந்தபோது நான் கேட்டதும் இதுதான். ஆளுக்கு ஒரு பேச்சு, ஆளுக்கு ஒரு விலை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டும். பாரம் ஏற்றுவது, இழுவை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவது, வெயில் ஆகியவற்றைத் தயாரிப்பாளர்களே கடுமையான பயன்பாடு என்கிறார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் தினமும் சாயங்காலம் நிற்கும் பிக்கப்புக்கு இதில் எது பொருந்தாது? 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

1. முதலில் காகிதங்கள்

வொர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் இவற்றை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஒன்று, வண்டியின் உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் கிரான்ட் என்று சொல்லும் தாள். அதில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால்தான் ஸ்பேர்பார்ட் கடையில் ஃபில்டரும் கேஸ்கெட்டும் சரியாக எடுத்துத் தருவார்கள். "2012 ஹைலக்ஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு ஏதோ ஒன்று கைக்கு வரும். இரண்டு, வண்டியில் அடித்திருக்கும் தகடு. கதவுத் தூணிலோ எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரிலோ இருக்கும். டொயோட்டாவில் கியர்பாக்ஸின் குறியீடும் அதிலேயே இருக்கும். மூன்று, சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள். அதில் கியர் எண்ணெய் என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்காக, வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 சோதனை முடித்து வந்த வண்டிதானே என்று நினைக்காதீர்கள். அங்கே சேஸிஸ் எண், பிரேக், புகை என்று பார்ப்பார்கள். கியர் எண்ணெயின் நிலைமை அந்தச் சோதனையில் தெரியவராது.

இன்னொரு காகிதம், பலர் கவனிக்காமல் விடுவது: வாரண்டி. யூஸ்ட் கார் டீலர்கள் பலர் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு வாரண்டி தருகிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் சொல்லும் வொர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், பில்லைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால், வாரண்டி முடியும்வரை நீங்களே வீட்டில் மாற்றுவதும் தெரிந்த கடையில் மாற்றுவதும் வேண்டாம். ஒரு போல்ட்டைத் திறந்ததைக் காரணமாகச் சொல்லி, பிறகு கியர்பாக்ஸ் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

2. எண்ணெயைப் பாருங்கள், முகருங்கள்

டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) உள்ள பழைய வண்டி என்றால் வேலை சுலபம். எஞ்சின் ஓடும்போது எடுத்து, வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில், புதிய ஹைலக்ஸ் போல, கீழே பிளக்கைத் திறந்து கொஞ்சம் எடுத்துத்தான் பார்க்க முடியும்.

சிவப்பாகவோ, சிவப்பு மங்கிப் பழுப்பு ஏறியோ இருந்தால் மாற்றலாம், பயமில்லை. கறுத்துப்போய், கருகின வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கலாம். அதோடு கியர் வழுக்குகிறது, டி போட்ட பிறகு யோசித்து யோசித்து நகர்கிறது என்றால், புது எண்ணெய் அதைக் குணப்படுத்தாது. முதலில் ஸ்கேன் செய்து காரணம் தெரிந்துகொள்ளுங்கள். "எண்ணெய் மாத்தினதும் கியர் போச்சு" என்ற கதைகளில் பெரும்பாலும் கியர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. பழி எண்ணெய்மேல் விழுந்தது.

எண்ணெய் பண்டுங் தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாகப் பாலாடை கட்டி இருந்தால், வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். இல்லையென்றால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். கியர்பாக்ஸின் மேலே உள்ள மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். மலிவாகக் கிடைத்த வண்டியில் இந்த நிறத்தைப் பார்த்தால் எண்ணெய் மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம், விற்றவரிடம் பேச வேண்டியது முதலில். சொந்த உபயோகத்துக்கு டீலரிடம் வாங்கிய வண்டி என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

3. எந்த எண்ணெய் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது

ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் எண்ணெய், பெரும்பாலும் சிவப்புதான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. டொயோட்டாவின் புதிய ஆறு கியர் ஹைலக்ஸுக்கு டபிள்யூஎஸ் என்ற ரகம். பழைய நாலு கியர் மிட்சுபிஷி ட்ரைட்டனுக்கு எஸ்பி-3. நிசான் நவாராவுக்கு மேட்டிக்-எஸ். ஆறு கியர் ஃபோர்டு ரேஞ்சருக்கு மெர்கான் எல்வி, பத்து கியர் ரேஞ்சருக்கு மெர்கான் யுஎல்வி. கடைசி இரண்டும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு கியர்பாக்ஸ் மாறியிருக்கும். அதனால் உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் கடைசிச் சொல்.

புதிய ரகங்கள் பெரும்பாலும் பழைய டெக்ஸ்ரான்-3 வகையைவிட மெல்லியவை. மெல்லிய எண்ணெய்க்காகச் செய்த கியர்பாக்ஸில் கெட்டியானதை ஊற்றினால் கியர் விழும் நேரம், அழுத்தம் எல்லாம் தடுமாறும். "எல்லா வண்டிக்கும் பொதுவானது" என்று விற்கும் டின்னை வாங்குவதானால், பின்பக்கத்தில் உங்கள் ரகத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எழுதியிருக்காவிட்டால் வேண்டாம்.

இங்கேதான் ஒரு பெரிய பொறி. பல கடைகளில் மூலையில் ஒரு டிரம் இருக்கும். அதிலிருந்து ஜக்கில் பிடித்து ஊற்றுவார்கள். நான் ஒரு கடையில், "இது என்ன எண்ணெய்?" என்று கேட்டதற்கு, "ஆட்டோ ஆயில் தான், போஸ்" என்ற பதில்தான் கிடைத்தது. அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நீங்களே சீல் வைத்த டின்னாக வாங்கிக்கொண்டு போய், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கூலிக்கு மட்டும் வேலை செய்யச் சம்மதிக்கும் கடைகள் நிறைய உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டின் வாங்கும்போது மூடி சீல், அச்சில் தெளிவு, பேட்ச் எண் எல்லாம் பார்த்து வாங்குங்கள். ஊர் விலையில் பாதிக்கு ஆன்லைனில் கிடைக்கும் 'ஒரிஜினல்' டின்னை நான் தொட மாட்டேன்.

4. பாதியா, மொத்தமா?

கீழே உள்ள பிளக்கைத் திறந்தால் எண்ணெய் முழுவதும் வராது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். மொத்தம் பத்து லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் நாலு லிட்டர்தான் இறங்கியது என்று வையுங்கள். முதல் முறை ஊற்றியதும் உள்ளே 40 சதவீதம் புதிது. சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் 64 சதவீதம். மூன்றாம் முறை 78 சதவீதம்.

சரித்திரம் தெரியாத பழைய வண்டிக்கு என் ஓட்டு இந்த முறைக்குத்தான். மெஷின் வைத்து மொத்தமாக மாற்றுவது தவறில்லை. ஒழுங்காகச் சர்வீஸ் செய்துவந்த வண்டிக்கு அது வசதி, ஒரே நாளில் முடியும். ஆனால் மெஷின் போடுகிற கடைகள் சில, ஃபில்டரைக் கழற்றாமல், அடித் தட்டைத் திறக்காமல், குழாயை மட்டும் மாட்டி வேலையை முடித்துவிடுகின்றன. தட்டில் என்ன கிடக்கிறது என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். முதல் முறை தட்டைத் திறந்து பார்ப்பது எனக்கு எண்ணெயைவிட முக்கியமாகப் படுகிறது.

5. செலவு

நான் விசாரித்த கடைகளில் எண்ணெய் லிட்டருக்கு 35 முதல் 60 வெள்ளி வரை. ஃபில்டரும் கேஸ்கெட்டும் சேர்ந்து 100 முதல் 250 வரை. அசலா, மாற்று பிராண்டா என்பதைப் பொறுத்தது. கூலி 60 முதல் 150 வரை. ஆகவே ஃபில்டர் இல்லாமல் ஒரு முறை இறக்கி ஊற்ற 200 முதல் 450 வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் என்றால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும், 500இலிருந்து 900 வரை கேட்பார்கள். பெரிய சர்வீஸ் சென்டரில் கூலியின் மேல் 8 சதவீத சேவை வரியும் வரும். விலை கேட்கும்போது, "எத்தனை லிட்டர், என்ன எண்ணெய், ஃபில்டர் உண்டா, பிளக் வாஷர் உண்டா?" என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். "ஆட்டோ ஆயில் சர்வீஸ் 180" என்று பலகையில் எழுதியிருப்பதில் பெரும்பாலும் இந்த நான்கில் இரண்டு இருக்காது.

6. நாள் பார்ப்பது

ஃபில்டர் கையிருப்பில் இல்லையென்றால் வர ஓரிரு நாள் ஆகும். வேலைக்கு இரண்டு மூன்று மணி நேரம். சீனப் புத்தாண்டுக்கு வொர்க்‌ஷாப்புகள் ஒரு வாரத்துக்கு மேல்கூடப் பூட்டியிருக்கும். நோன்புப் பெருநாள், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஊருக்குப் போகிறவர்களின் வண்டிகள் வரிசையில் நிற்கும். அவசரத்தில் செய்த வேலையைச் சரிபார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சாதாரண வார நாளில், காலையில் கடை திறந்ததும் முதல் வண்டியாக நிறுத்துங்கள். முடிந்தால் முந்தைய இரவே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் காலை என்பது எட்டாவது படியில் புரியும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: பிக்கப் உயரமானது என்பதால் ஜாக் போடாமலே அடியில் படுத்துவிடலாம், அது ஒரு சௌகரியம். ஆனால் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். பல இடங்களில் நிர்வாகக் குழு வண்டி பழுதுபார்ப்பதைத் தடை செய்திருக்கிறது, சிந்திய எண்ணெய்க்குத் தண்டமும் போடும். தரைவீட்டு முற்றம் என்றாலும் சரிவாக இருந்தால் அளவு தப்பும்.

7. இறக்குவது

எப்போதும் ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் திறக்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் எண்ணெய் முழுவதையும் இறக்கிவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டியை டோ லாரியில்தான் ஏற்ற வேண்டும். தோட்டம், கட்டுமான வேலைக்கு ஓடின பிக்கப்புகளில் இது நடக்கிற காரியம்தான்.

எது எந்த பிளக் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோர் வீல் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னாலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும், அதற்கும் பிளக்குகள் உண்டு. திறந்தால் வருவது சிவப்பாக, மெல்லியதாக இல்லாமல் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் உடனே மூடுங்கள், அது கியர்பாக்ஸின் பிளக் இல்லை.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் போதும். சூடாக இருந்தால் கை வெந்துவிடும். இறங்கியதை லோங்காங் (சாக்கடை) பக்கம் கொண்டுபோக விடாமல், 1.5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தல்களில் ஊற்றி வரிசையாக வையுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றுவதுதான் தொடக்கக் கணக்கு. ஆனால் முன்பே குறைவாக இருந்திருக்கலாம் என்பதால் அது முடிவான கணக்கல்ல.

அடித் தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு போல நைந்தால் நிம்மதி. நெறுநெறுவென்று உறுத்தினாலோ, பளபளக்கும் சில்லுகள் தெரிந்தாலோ, படம் எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் கடையில் காட்டுங்கள். காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். தட்டு போல்ட்டுகள் சின்னவை. ஏர் கன் வைத்து முறுக்க விடாதீர்கள். கையால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கச் சொல்லுங்கள். பிளக் வாஷர் புதிதாகப் போடுங்கள். சில வெள்ளிதான் வரும்.

8. அளவு: வேலையில் பாதி இதுதான்

எண்ணெய் சரியாக இருந்தும் பிறகு கியர் தொல்லை கொடுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவை. டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறக்க வேண்டும். மிகுதி வழிந்து, தாரை சொட்டாக மெலியும் நேரத்தில் மூட வேண்டும். டொயோட்டா டபிள்யூஎஸ் கியர்பாக்ஸுகளில் அந்தச் சூடு ஏறக்குறைய 35 முதல் 45 டிகிரி.

நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான். மத்தியானத்தில் வெளியிலேயே 33 டிகிரி. நெரிசலில் ஓடி வந்த கியர்பாக்ஸ் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடாக இருக்கும், குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். சூட்டில் எண்ணெய் விரிந்து நிற்கும். அப்போது பிளக்கைத் திறந்தால் தேவையானதும் சேர்ந்து வழிந்துவிடும். குளிர்ந்ததும் பார்த்தால் குறை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறந்தாலும் அதே கதை. கன்வெர்ட்டரில் இருந்தது தட்டுக்கு இறங்கி வந்து, அதிகமாக இருப்பது போலக் காட்டும். காலையில் என்றால் கியர்பாக்ஸ் 26, 27 டிகிரியில் இருக்கும். எஞ்சினைப் போட்டுச் சில நிமிடம் விட்டால் 40ஐத் தொடும். அவசரமில்லாமல் பார்க்கலாம்.

வரிசை இப்படி: இறங்கிய அளவை ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தி, மறுபடி பி-க்கு வாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கியர் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். ஃபோனோடு இணையும் சின்னக் கருவிகளும் பல வண்டிகளில் இதைக் காட்டும். சூடு வந்ததும் ஓவர்ஃப்ளோ பிளக். ஒன்றுமே வழியவில்லை என்றால் குறைவு. பிளக்கை மூடாமலே மேலும் ஊற்றி, வழிந்து மெலியும்போது மூடுங்கள். போர்மேன் சூட்டைப் பார்க்காமல் கையால் தட்டைத் தொட்டு, "ஓகே போஸ்" என்றால், ஸ்கேனரை எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

டிப்ஸ்டிக் வண்டியில் ஓட்டி வந்து, எஞ்சின் ஓடும்போது, ஹாட் என்ற கோட்டுக்குள் பார்க்க வேண்டும். கியர் எங்கே இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டாவில் பி, மிட்சுபிஷியில் என். பஞ்சு பிரியும் துணியால் துடைக்காதீர்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும், அழுத்தம் குறையும்.

9. ஓட்டிப் பார்ப்பது

முதலில் பக்கத்துத் தெருக்களில் மெதுவாக. அப்புறம் ஒரு நெடுஞ்சாலை. கியர் முன்பைவிடச் சற்று வித்தியாசமாக விழலாம். கியர் கம்ப்யூட்டர் பழகச் சில நாள் எடுக்கும். அது பழகி வைத்திருந்ததை அழிக்கும் அடாப்டேஷன் ரீசெட்டைக் கடைக்காரர் செய்து தந்தால் இன்னும் நல்லது. வழுக்கல், உதறல், இரைச்சல் புதிதாக வந்தால் திரும்பப் போய் அளவைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் திருப்தியாக இருக்கும்வரை கெந்திங் மேட்டுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

10. பழைய எண்ணெயும் பில்லும்

பழைய எண்ணெய் சட்டப்படி பட்டியலிட்ட கழிவு. குப்பைத் தொட்டியிலோ லோங்காங்கிலோ ஊற்றக் கூடாது. வீட்டில் செய்தவர்கள் போத்தல்களை மூடி இறுக்கி, பக்கத்து வொர்க்‌ஷாப்பில் கேளுங்கள்; பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களிடம் சேகரிக்கவே ஆள் வருகிறது.

பில்லில் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் பிராண்டும் ரகமும், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றியதா என்று எழுதச் சொல்லுங்கள். "ஆட்டோ ஆயில்" என்ற ஒற்றை வரி பில் எதற்கும் உதவாது, வாரண்டிக்கும் செல்லாது. பாகங்களை வேறு கடையில் வாங்கியிருந்தால் அந்த பில்லையும் சேர்த்துப் பின் அடித்து, சர்வீஸ் புத்தகத்துக்குள் வையுங்கள். வெயிலில் மை மங்கிவிடும், அதனால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இறக்கலுக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு நினைவூட்டலை ஃபோனில் போட்டுவிடுங்கள். அப்போது ஃபில்டர் வேண்டாம், எண்ணெயும் ஒரு வாஷரும் போதும்.